மணிக்கு நாக்கு வைத்த அண்ணி

பேராலயத்தில் அந்தத் துணியைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மறுநாள் ஆயராகப் பொறுப்பேற்கப் போகிறவர் இடத்தை ஒரு பார்வை பார்த்துப் போக வந்தார். பக்கவாசலில் நுழைந்து நாலு எட்டு வைத்திருப்பார், அப்படியே நின்றுவிட்டார். பீடத்துக்குப் பக்கத்தில் ஆயருடைய நாற்காலி. அதன் பின்சுவரில், அவருடைய இலச்சினையைத் தைத்த துணி. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நான், மனிதருக்கு மயக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

"இதை யார் தைச்சது?" என்று கேட்டார்.

"நம்ம தையலறை அம்மாதான். ஏன் ஆண்டகை, கோணலா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே செயலர் சாமி ஓடிவந்தார். ஆயருடைய கடிதங்கள், பயணங்கள் எல்லாம் பார்க்கிற இளம் குரு அவர்.

புது ஆயர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

தைத்தது என் அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஆயர் இல்லத்தின் பின்பக்கத் தையலறையில் இருபத்து மூன்று வருஷமாக வேலை. வடக்கு பார்த்த இரண்டு ஜன்னல், ஒரு நீள மேசை, இரண்டு மிதி மிஷின், நாலு கதவு அலமாரி. வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா என்று கதவுக்கு ஒரு நிறமாகப் பூசை உடுப்புகள் இருக்கும். பத்து வருஷமாக நானும் இரண்டாவது மிஷினில் அண்ணிக்குத் துணை. காலையில் வந்ததும் அண்ணி சிலுவை போட்டுக்கொண்டு ஊசிகளை எண்ணுவார். சாயங்காலம் கிளம்பும்போது மறுபடியும் எண்ணுவார். உடுப்பில் ஓர் ஊசி தங்கிவிட்டால் பீடத்தில் கை விரித்து நிற்கிற குருவைக் குத்துமே என்று பயம்.

"உன் அண்ணி ஊசி எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு தடவை சமைச்சிடுவேன்" என்பார் ஆயர் இல்லத்துச் சமையற்காரர்.

"அதான் ரெண்டு தடவையும் உப்பு இருக்கறதில்ல" என்பார் அண்ணி, தலை நிமிராமல்.

கறாரான ஆள்தான். ஆனால் யாரையும் நோகச் சொல்ல மாட்டார். தானாகக் கேட்டு வாங்கியது என்று அண்ணி வாழ்க்கையில் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் எங்கள் பழைய பங்குக் கோவிலில் மணியடிப்பவர். கோபுரத்தில் பெரிய வெண்கல மணி. அதன் உள்ளே முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குண்டு, தடித்த தோல் வாரில் தொங்கும். மணி அசைந்தால் அது போய் இடிக்கும். அதைத்தான் நாக்கு என்பார்கள். அண்ணன் கீழ்த்தட்டில் நின்று கயிற்றை இழுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போதிருந்த ஆயர் எங்கள் கோவிலுக்கு வருகிறார் என்று மணியடிக்கும்போது, வார் அறுந்து, கயிறு இறங்குகிற திறப்பு வழியாக அந்த நாக்கு அண்ணன் தலையில் விழுந்தது. அவருக்கு முப்பத்தாறு வயசு.

கோவிலின் இறப்புப் பதிவேட்டில், இறந்த காரணம் எழுதுகிற கட்டத்தில், 'தன் கவனக்குறைவால்' என்று எழுதினார்கள். வாரம் ஒரு தடவை வாரைப் பார்க்க வேண்டியது மணியடிப்பவர் வேலை, பார்க்கவில்லை என்று ஊரே சொன்னது. "தூங்கிட்டே கயிறு இழுத்தா வேற என்ன நடக்கும்" என்று சவப்பெட்டிக்குப் பின்னாலேயே ஒருவர் பேசிக்கொண்டு வந்தார். அண்ணி காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது.

அண்ணிக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வாரம் சாப்பிடும்போது அண்ணன், "வார் தேஞ்சுபோச்சு, சொல்லிட்டேன்" என்றிருக்கிறார். யாரிடம் சொன்னார் என்று சொல்லவில்லை. அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். கோவிலை நடத்துகிற பங்குத்தந்தையிடம் தவிர வேறு யாரிடம் சொல்லியிருப்பார்? எல்லோரும் பெரிய சாமி என்று கூப்பிடுகிற அந்தப் பங்குத்தந்தையிடம் போய் அண்ணி கேட்டார். "என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல" என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். சாகும்வரை அதையேதான் சொன்னார்.

அண்ணன் இறந்த நாள் வருகிறபோதெல்லாம் அண்ணி பங்கு அலுவலகத்துக்குப் போவார். அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்று கேட்பார். மேசைக்குப் பின்னால் ஆள் மாறினாலும் பதில் மாறவில்லை. "எழுதியாச்சும்மா. கோவில் புத்தகத்துல அடிக்கக் கூடாது." அண்ணி கேட்டு வாங்க நினைத்த ஒரே பொருள் அதுதான்: செத்துப்போன புருஷனுக்கு நல்ல பேர்.

அந்தக் காலத்தில் எங்கள் கோவிலில் ஓர் உதவிக் குருவும் இருந்தார். சின்னச் சாமி. இருபத்தேழு வயசு இருக்கும். அண்ணனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர் அவர். மூன்று மாதம் கழித்து ஆயர் இல்லத்தில் சொல்லி, அண்ணிக்குத் தையலறை வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவருக்காக அண்ணி தினமும் ஒரு ஜெபமாலை சொல்லுவார். அந்தச் சின்னச் சாமிதான் இப்போது புது ஆயர்.

இரண்டு மாதத்துக்கு முன் செயலர் சாமி ஒரு வண்ணக் காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். புது ஆயரின் இலச்சினை, அவர் தனக்கென்று தேர்ந்துகொண்ட சின்னம்.

"இது தொப்பி. பச்சை நிறம். ரெண்டு பக்கமும் ஆறாறு குஞ்சம். எண்ணிக்கை மாறவே கூடாது. பத்துப் பத்து வெச்சா பேராயர் ஆயிடுவார்."

"நாலு குஞ்சத்துல இவ்வளவு பெரிய பதவி உயர்வா" என்றார் அண்ணி. "இந்தத் தொப்பியை எப்போ சாமி போடுவார்?"

"போடமாட்டார். சின்னத்துல மட்டும்தான் இருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் குடை மாதிரி. ஆணியில மட்டும்தான் இருந்துச்சு."

செயலர் சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பிக்குக் கீழே கேடயம். மேல் பாதி நீலம், அதில் மாதாவுக்கு ஒரு வெள்ளி நட்சத்திரம். பின்னால் சிலுவை. அடியில் ஒரு நாடா, அதில் அவருடைய விருதுவாக்கு: 'செவிகொடுத்துக் கேட்பேன்'. கேடயத்தின் கீழ்ப்பாதி வெள்ளை. அதன் நடுவில் ஒரு மணி.

மணிக்கு வந்ததும் அண்ணியின் விரல் நின்றுவிட்டது. செயலர் சாமி போகும்வரை காத்திருந்து என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளே, இங்க பாரு. தோள்ல ரெண்டு வரி, நடுவுல திராட்சைக்கொடி. இது நம்ம மணி. உங்க அண்ணன் துடைச்ச மணி. சின்னச் சாமி மறக்கல பாத்தியா."

அன்று அண்ணி மத்தியானம் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்.

கொஞ்ச நேரம் கழித்து, "படம் போட்டவர் மணியை எட்ட நின்னு பாத்திருக்கார்" என்றார். "உள்ள நாக்கு வரையலயே." நானும் பார்த்தேன். மணியின் வாய் வெறும் கறுப்பாக இருந்தது.

"செயலர் சாமியைக் கேப்போமா?"

"இதுக்கு எதுக்கு அவரைக் கூப்பிட்டுக்கிட்டு. நாக்கில்லாத மணி சட்டின்னு உங்க அண்ணன் சொல்லுவார். சின்னச் சாமி மேடையில சட்டியை மாட்டிக்கிட்டு உக்காரணுமா?"

இதை வேறு எந்தத் தையற்காரியும் செய்திருக்க மாட்டாள். மணியடிப்பவரின் மனைவி செய்தார். சாம்பல் நூலில், அடியில் பஞ்சுத்துணி வைத்து, மூன்று அடுக்காக, நாக்கு உருண்டு திரண்டு நிற்கிற மாதிரி தைத்தார். அதைத்தான் புது ஆயர் பார்த்துவிட்டு நின்றார்.

அரை மணி நேரத்தில் செயலர் சாமி தையலறைக்கு வந்தார். கையில் சுருட்டிய துணி, இன்னொரு கையில் அச்சடித்த காகிதம்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. அது நாக்கில்லாத மணிம்மா. வேணும்னே அப்படி. ரெண்டாயிரம் பேருக்கு விளக்கம் அடிச்சு வெச்சிருக்கேன். நாளைக்குப் பூசை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மைக்கில படிக்கப் போறாங்க."

நான் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'நாவில்லாத மணி தாழ்ச்சியின் அடையாளம். அது தானாக ஒலிக்காது. இறைவன் அசைத்தால் மட்டுமே ஒலிக்கும்.'

அண்ணி யோசித்தார். "அசைச்சாலும் ஒலிக்காது சாமி. அதுலதான் நாக்கே இல்லையே."

"அது ஆன்மீகம்மா."

"சரி சாமி. பிரிச்சிடறேன்."

அவர் போனதும் அண்ணி துணியை மேசையில் விரித்து, சின்னக் கத்தரியை எடுத்தார். நான் பீடத்துணி ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணி இருக்கும். கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். தனியாக, சாதாரண வெள்ளை அங்கியில். புது ஆயர்.

"சாமி, உக்காருங்க" என்று அண்ணி எழுந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

அவர் உட்காரவில்லை. "அம்மா, நாக்கு இல்லாம வரையச் சொன்னது நான்தான். ஓவியர் மறக்கல."

"தெரியும் சாமி. காகிதத்துல படிச்சோம். என்னமோ எங்க வீட்டுக்காரர் ஞாபகத்துல வெச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"காகிதத்துல இருக்கறது காரணம் இல்ல." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வெச்ச நாக்கைப் பாத்ததும் என் தலையில விழுந்த மாதிரி இருந்துச்சு. வார் தேஞ்சுபோச்சுன்னு உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னார். வியாழக்கிழமை. என்கிட்டதான் சொன்னார்."

அண்ணி கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

"அப்போ பெரிய சாமி?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் போய்ச் சொல்லவே இல்ல. வார் மாத்தணும்னா மணியை ரெண்டு நாள் நிறுத்தணும். ஞாயித்துக்கிழமை ஆயர் வர்றார். மணி இல்லைன்னா பெரிய சாமி என்னைத்தான் திட்டுவார்னு பயந்தேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரர் தலையாட்டிட்டுப் போனார்."

"புத்தகத்துல எழுதினது?"

"அது என் கையெழுத்து. காரணம் என்ன போடறதுன்னு பெரிய சாமி கேட்டார். வாரை உங்க வீட்டுக்காரர் பாக்கல போலன்னு சொன்னேன். அப்படியே எழுதுன்னார். எழுதினேன்."

தீய்ந்த வாடை வந்தது. பீடத்துணியின் மேல் இஸ்திரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். நெருப்பில் கை வைத்த மாதிரி அதை இழுத்தேன். துணியில் பழுப்பாக ஒரு முக்கோணம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சவப்பெட்டியைச் சுமந்த தோள். வேலை வாங்கிக் கொடுத்த கை. இருபத்து மூன்று வருஷமாக அண்ணி சொன்ன ஜெபமாலைகள். இதெல்லாம் என் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு குருவை அடித்துவிடுவேனோ என்று என் கைக்கே நான் பயந்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தினமும் என் கண்ணுல படணும்னுதான் அந்த மணியை வெச்சேன்" என்றார் அவர். "கடிதத்துல, கதவுல, நாற்காலியில. எங்க திரும்பினாலும்."

அண்ணி துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். சத்தம் கூடவில்லை.

"நீங்க பாக்கறதுக்கு மணி வெச்சிருக்கீங்க. ஊர் படிக்கறதுக்கு வேற கதை எழுதி வெச்சிருக்கீங்க. என் வீட்டுக்காரருக்கு இதுல என்ன சாமி இருக்கு?"

அவர் "மன்னிச்சிடுங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

"இப்ப கேக்காதீங்க சாமி. இப்ப கேட்டா சரின்னு சொல்லிடுவேன். சாமிமாருக்கு சரி சரின்னு சொல்லியே பழகின வாய். அது பொய்யாயிடும்." கத்தரியைத் திரும்ப எடுத்தார். "நாளைக்கு நீங்க பேசுவீங்கல்ல. மூணு பஸ்ல நம்ம பழைய பங்கு சனம் வருது. அவங்க காதுல விழணும். நாக்கை நான் பிரிச்சிடறேன். படம் உங்களோடது. புத்தகத்துல இருக்கற அந்த வார்த்தை என் வீட்டுக்காரரோடது இல்ல."

அவர் தலை குனிந்து நின்றுவிட்டு வெளியே போனார். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அண்ணி நாக்கைப் பிரித்தார். ஒவ்வொரு நூலாக அறுத்து, பஞ்சுத்துணியை உரித்து, ஆவி காட்டித் தேய்த்தார். பட்டு அல்லவா, எல்லா ஊசித்துளையும் மூடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் நாக்கு இருந்த இடம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான்தான் அழுதேன். அண்ணி ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சொன்னாராம். அதுக்கு உங்க அண்ணன் தலையாட்டினாராம். இந்த மனுஷன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியிருக்கலாமில்ல."

மறுநாள் பேராலயத்தில் நிற்க இடமில்லை. எங்கள் பழைய பங்கு ஜனங்கள் இடப்பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். தூங்கிட்டே கயிறு இழுத்தா என்று பேசினவரும் இருந்தார், கைத்தடியோடு. நானும் அண்ணியும் தூண் ஓரமாக உட்கார்ந்தோம். பூசை தொடங்குவதற்கு முன் ஒரு கன்னியாஸ்திரி மைக்கில் விளக்கத்தை வாசித்தார். நாவில்லாத மணி தாழ்ச்சியின் அடையாளம். அது தானாக ஒலிக்காது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. "படிக்க விட்டுட்டார்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெரிய பூசையில் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சடங்குக்காகத் தரையில் குப்புறக் கிடந்ததும், தலையில் எண்ணெய் பூசியதும், கோலும் மோதிரமும் கொடுத்ததும் எல்லாம் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. கடைசியில் புது ஆயர் மக்களுக்கு நன்றி சொல்வது முறை. மைக்குக்கு முன்னால் வந்தார். எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வைத்துவிட்டார்.

"என் இலச்சினையில் இருக்கிற மணியைப் பற்றி உங்கள் கையில் இருக்கிற காகிதம் சொல்வது உண்மையில்லை" என்று ஆரம்பித்தார்.

எதையும் குறைத்துச் சொல்லவில்லை. வியாழக்கிழமை, வார், திங்கட்கிழமை, பதிவேடு, கையெழுத்து, முந்தின நாள் தையலறையில் அண்ணி கேட்டது. அண்ணன் பேரை மூன்று தடவை முழுசாகச் சொன்னார். "அவர் தன் வேலையைச் செய்தார். நான் என் வேலையைச் செய்யவில்லை. பழியை அவர்மேல் எழுதிவிட்டு, அவருடைய பெட்டியைச் சுமந்தேன்." வந்திருந்த மற்ற ஆயர்கள் மடியில் இருந்த தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலர் சாமி சுவரில் சாய்ந்துவிட்டார். பாடகர் குழு அடுத்த பாட்டை மறந்துபோய் நின்றது.

எல்லோரும் வந்து அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நடக்கவில்லை. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கைத்தடிக்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்றார், தடியைக் கை மாற்றிப் பிடித்தார், போய்விட்டார். நல்ல உடுப்புப் போட்ட ஓர் அம்மா மட்டும் அண்ணியிடம் வந்து, "நல்ல நாள்ல அவரை இப்படிப் பேச வெச்சுட்டீங்களே, இன்னிக்கேவா சொல்லணும்?" என்றார்.

"இன்னிக்குத்தான் மைக் இருந்துச்சு" என்றார் அண்ணி.

அடுத்த வியாழக்கிழமை புது ஆயர் பழைய பங்குக் கோவிலுக்கு வந்தார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். பங்கு அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டை எடுத்து வைத்தார்கள். மூலை எல்லாம் செல்லரித்திருந்தது. கோவில் புத்தகத்தில் அடிக்கக் கூடாது, பக்கத்து இடைவெளியில் எழுதலாம் என்பது முறையாம். இருபத்து மூன்று வருஷமாக இதை ஒருவரும் அண்ணிக்குச் சொல்லவில்லை. ஆயர் பேனாவை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார்.

"என்ன எழுதியிருக்கார், வாசி" என்றார் அண்ணி.

நான் வாசித்தேன். 'இவர் மேல் எழுதிய குற்றம் பொய். வார் தேய்ந்ததை இவர் முன்பே தெரிவித்தார். கேட்டும் செய்யாதவனும் இந்தப் பொய்யை எழுதியவனும் நானே.'

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். அண்ணி தலையை ஆட்டினார். ஆயர் அப்போதுதான் கேட்டார், "இப்போ கேக்கலாமா அம்மா?"

அண்ணி அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "கேளுங்க சாமி. பதில் வர நாளாகும். தினமும் ஜெபத்துல உங்க பேரைச் சொல்றேன். நேத்து வரைக்கும் வாய் மட்டும்தான் சொல்லுச்சு, மனசு சேரல." பிறகு இப்போதைய பங்குத்தந்தை பக்கம் திரும்பி, "பெரிய சாமியை எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

கோவிலுக்குப் பின்னால், குருக்களின் கல்லறை வரிசையில் மூன்றாவது. கல்லில் பாசி படிந்து தேதி பாதி மறைந்திருந்தது. அண்ணிக்கு அங்கே வழி தெரியாது. அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. இறந்த குருக்கள் எல்லோருக்கும் செபிக்கும்போது இந்த ஒருவரை மட்டும் விட்டுவிடுவாராம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"உண்மையைச் சொன்ன மனுஷனைப் பொய்யர்னு நெனச்சிட்டேன் சின்னவளே. சாகக் கிடக்கறப்போ கூப்பிட்டு அனுப்பினார், நான் போகல."

முழங்காலிட்டார். கல்லும் முள்ளுமாக இருந்த தரை. நான் என் துண்டை மடித்துக் கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பஸ் வந்து போன சத்தம் கேட்டது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. அண்ணி எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். நானும் அவரைப் பொய்யர் என்றுதானே நினைத்திருந்தேன்.